தலைகீழாகப் பொருந்திய சாவி: மெத்தோட்ரெக்சேட் மருந்தின் வரலாறு

மெத்தோட்ரெக்சேட் என்பது இரத்தப் புற்றுநோய், முடக்குவாதம், சொரியாசிஸ் ஆகிய நோய்களுக்குத் தரப்படும் மருந்து. நம் உயிரணுக்களில் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதி ஒன்று உள்ளது. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு அதை டி.எச்.எஃப்.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள். மெத்தோட்ரெக்சேட் இந்த நொதியின் குழிவுக்குள் சென்று அமர்ந்து அதன் வேலையை நிறுத்துகிறது. ஒரு சிறு மூலக்கூறு ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நோய் எப்படித் தணிகிறது என்பதை விளக்க மருந்தியல் ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்தாளும் உதாரணம் இது.

பாடநூல்கள் இதை மூன்று வரிகளில் முடித்துவிடும். நொதி வேலை செய்ய வேண்டிய பொருள் ஃபோலிக் அமிலத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. மருந்து பார்ப்பதற்கு ஃபோலிக் அமிலம் போலவே இருக்கிறது. ஆகவே அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. படித்தால் எல்லாம் திட்டமிட்டுச் செய்தது போலத் தோன்றும். நடந்த வரிசை வேறு. இந்த வகை மருந்து 1947இல் வந்தது. அது எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்பது 1958இல் தெளிவானது. எப்படிப் பற்றுகிறது என்பதைக் கண்ணால் காண 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்படிக் கண்டபோது, அந்த மூன்றாவது வரியையே திருத்த வேண்டியதாயிற்று. குன்னூர், திருவல்லிக்கேணி, கிண்டி ஆகிய நம் ஊர்களும் இந்த வரலாற்றில் வருகின்றன.

பூட்டும் சாவியும்

நொதியும் அது செயல்படும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்த வேண்டும் என்ற உவமையை 1894இல் ஜெர்மானிய வேதியியலர் எமில் ஃபிஷர் சொன்னார். சில நொதிகள் ஒருவகைச் சர்க்கரைச் சேர்மத்தைப் பிளக்கின்றன, அதன் ஆடிப் பிம்பம் போன்ற இன்னொன்றைத் தொடுவதில்லை. இதை விளக்கவே அவருக்கு அந்த உவமை தேவைப்பட்டது. மருந்து எங்கேனும் ஓரிடத்தில் பற்றினால்தான் வேலை செய்யும் என்ற கருத்தை அதன்பின் பால் எர்லிக் வலியுறுத்தினார். பூட்டு எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியாது. அக்காலத்தில் யாருக்குமே தெரியாது.

1940இல் இங்கிலாந்தின் டொனால்டு வுட்ஸ் ஒரு முக்கியமான படியை எடுத்து வைத்தார். சல்ஃபா மருந்து, பாக்டீரியாவுக்குத் தேவையான பாரா-அமினோபென்சாயிக் அமிலத்தைப் போன்ற உருவம் கொண்டிருப்பதாலும் அதனுடன் போட்டியிடுவதாலும்தான் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று அவர் காட்டினார். ஓர் உயிருக்குத் தேவையான சத்தின் போலியைச் செய்து கொடுத்தால் அந்த உயிரைப் பட்டினி போடலாம் என்ற எண்ணம் வேதியியலர்களிடையே பரவியது இதற்குப் பிறகுதான். அந்த அமிலமே ஃபோலிக் அமிலத்தின் நடுத்துண்டு என்பது அப்போது ஒருவருக்கும் தெரியவில்லை.

குன்னூரும் திருவல்லிக்கேணியும்

ஃபோலிக் அமிலத்தின் கதை கர்ப்பிணிகளின் இரத்தச்சோகையில் தொடங்குகிறது. 1920களின் இறுதியில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான சோகைக்கு ஆளாயினர். அவர்களின் இரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துக் காணப்பட்டன. இந்திய மருத்துவப் பணியில் இருந்த மார்கரெட் பால்ஃபோர் கேட்டுக்கொண்டதன் பேரில், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் லூசி வில்ஸ் 1928இல் இதை ஆராய வந்தார்.

கிருமித் தொற்றுதான் காரணமா என்று முதலில் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்களின் உணவைக் கவனித்தார். 1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ராபர்ட் மெக்காரிசன் ஊட்டச்சத்து ஆய்வுகளை நடத்திக்கொண்டிருந்தார். 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று மக்கள் அழைத்த மருத்துவமனையிலும் வில்ஸ் பணிபுரிந்தார். இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை அதுதான்.

ஏழைப் பெண்களின் உணவைப் போன்ற உணவை மட்டும் கொடுத்து வளர்த்த குரங்குகளுக்குச் சோகை வந்தது. மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அவை தேறின. கர்ப்பிணிகளும் தேறினர். அந்நாளில் இன்னொரு வகைச் சோகைக்குக் கல்லீரல் சாறு கொடுப்பது வழக்கம். அந்தச் சாற்றை நன்கு தூய்மைப்படுத்திக் கொடுத்தபோது வில்ஸின் நோயாளிகளுக்குப் பலன் இல்லை. தூய்மைப்படுத்தாத சாறும் ஈஸ்ட்டும் மட்டுமே பலன் தந்தன. ஆகவே தூய்மைப்படுத்தும்போது வெளியேறிவிடும் வேறொரு சத்து இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். என்னவென்று பெயர் சொல்ல முடியாத ஒன்றை, இல்லாதபோது என்ன ஆகிறது என்பதை மட்டும் வைத்துப் பிரித்துக் காட்டியது சிறிய காரியம் அல்ல. பல ஆண்டுகள் அது ‘வில்ஸ் காரணி’ என்றே வழங்கியது.

சங்கரன்கோவில் போன்ற நெசவு ஊர்களில் இன்று அரசு மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணி, இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அட்டையோடு வீடு திரும்புகிறார். தறிச் சத்தத்துக்கு நடுவே விழுங்கப்படும் அந்த மாத்திரையின் வேர், ஆலைத் தறிகளில் உழைத்த பம்பாய்ப் பெண்களிடமிருந்து கிளைத்தது.

1941இல் அமெரிக்காவின் டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் நான்கு டன் பசலை வகைக் கீரையிலிருந்து இந்தச் சத்தைச் சிறிதளவு பிரித்தெடுத்தனர். இலை என்பதற்கான இலத்தீன் சொல்லிலிருந்து ‘ஃபோலிக் அமிலம்’ என்று பெயரிட்டனர். நான்கு டன் கீரையை நம்பி மருத்துவம் செய்ய முடியாது. ஆய்வகத்தில் செய்தாக வேண்டும்.

சுப்பாராவ்

அதைச் செய்து முடித்த குழுவின் தலைவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். சென்னையில் பள்ளிப் படிப்பை முடித்து, மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் ஆடையில் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழு மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சிறிது காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார்.

ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்களைப் பறிகொடுத்தவர் அவர். சத்துகளை உடல் உறிஞ்ச முடியாமல் போகும் அந்த நோயில் ஃபோலிக் அமிலக் குறையும் ஒரு பெரிய பங்கு வகிக்கிறது. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இந்தத் தொடர்பைப் பெரிதாகச் சொல்வதுண்டு. சொல்லத்தக்கதுதான்; ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பின் தான் என்ன செய்யப்போகிறோம் என்று சுப்பாராவ் அறிந்திருந்ததாக அதைப் படிக்கக் கூடாது.

ஹார்வர்டில் பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து இரத்தத்தில் பாஸ்பரஸ் அளவைக் கண்டறியும் முறையை 1925இல் வெளியிட்டார். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரை உயிர்வேதியியல் செய்முறை வகுப்பில் எழுதாத மாணவர் குறைவு. தசையில் பாஸ்போகிரியேட்டினை 1927இல் கண்டறிந்தனர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏ.டி.பி.யைப் பிரித்தனர், அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். இவ்வளவுக்குப் பிறகும் ஹார்வர்டில் நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்று, ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றார்.

அங்கே 1945இல் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதன் அமைப்பையும் வெளியிட்டது. டெரிடின் என்ற இரட்டை வளையம் ஒரு முனையில், நடுவில் பாரா-அமினோபென்சாயிக் அமிலம், மறுமுனையில் குளூட்டாமிக் அமிலம் என்று மூன்று துண்டுகள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருந்தன. நம் ஊர்களில் யானைக்கால் நோய்த் தடுப்புக்காக வீடு வீடாக வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் லெடர்லியில் அதே காலத்தில் உருவானதுதான். ஆனால் அது தனிக் கதை.

1947: ஒரு அணுத்தொகுதி மாற்றம்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோயியலர் சிட்னி ஃபார்பர், கடும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு லெடர்லி தந்த ஃபோலிக் அமில வகைச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். சோகையைக் குணமாக்கும் சத்து இதையும் குணமாக்கலாம் என்ற எதிர்பார்ப்பு. நேர்மாறாக நடந்தது: நோய் விரைவு கொண்டதாக அவருக்குத் தோன்றியது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அப்படியொரு சோதனைக்கு எளிதில் ஒப்புதல் தராது. ஆயினும் அந்தத் தோல்வியே வழியைக் காட்டியது. ஃபோலிக் அமிலம் நோயை வளர்க்குமானால், அதை எதிர்க்கும் ஒன்று நோயைத் தடுக்க வேண்டும்.

சுப்பாராவின் குழுவில் இருந்த சீகர், ஸ்மித், ஹல்ட்குவிஸ்ட் ஆகிய வேதியியலர்கள் 1947இல் அமினோப்டெரின் என்ற சேர்மத்தைத் தயாரித்தனர். ஃபோலிக் அமிலத்தின் டெரிடின் வளையத்தில் நான்காம் இடத்திலுள்ள ஆக்சிஜனை எடுத்துவிட்டு, அங்கே ஒரு அமினோ தொகுதியை வைத்தார்கள். மற்றதெல்லாம் பழையபடியே இருந்தது. நாற்பது ஐம்பது அணுக்கள் கொண்ட ஒரு மூலக்கூறில் இது ஒரு புள்ளி மாற்றம்.

ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பலர் ஏற்கெனவே சாவின் விளிம்பில் இருந்தவர்கள். 10 பேருக்கு நோய் தணிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பை நோக்கி நகர்ந்தது. படுத்த படுக்கையாய் இருந்தவர்களில் சிலர் எழுந்து நடமாடினர். 1948 ஜூன் 3 அன்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே ‘தற்காலிக’ என்ற சொல் இருந்தது. அந்த நேர்மை குறிப்பிடத்தக்கது. சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது. ஆனாலும் சில வாரங்களில் குழந்தை இறந்துவிடும் என்பதைத் தவிர வேறெதுவும் பெற்றோரிடம் சொல்ல முடியாதிருந்த நோயில், ஒரு வேதிப்பொருள் முதன்முறையாகக் கை வைத்துவிட்டது. கட்டுரையாளர்களின் பட்டியலில் சுப்பாராவின் பெயர் இல்லை. இரண்டு மாதம் கழித்து, 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் அவர் காலமானார்.

அமினோப்டெரினில் மேலும் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தபோது கிடைத்ததுதான் மெத்தோட்ரெக்சேட். நஞ்சுத்தன்மையைக் கட்டுக்குள் வைப்பது எளிதாக இருந்ததால், நாளடைவில் அமினோப்டெரினின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. 1956இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயை இந்த ஒரே மருந்தால் முற்றிலும் மறையச் செய்தனர்.

எந்தப் புரதம்?

இவ்வளவும் நடந்த பின்னும், மருந்து உயிரணுவுக்குள் எதைப் பற்றுகிறது என்பது தெரியாது. ஃபோலிக் அமிலம் அப்படியே பயன்படுவதில்லை, ஹைட்ரஜன் ஏற்று வேறு வடிவத்துக்கு மாறிய பிறகே பயன்படுகிறது என்பதும், மருந்து அந்த மாற்றத்தைத்தான் தடுக்கிறது என்பதும் 1950களில் சிறிது சிறிதாகப் புலப்பட்டன. 1958இல் மேரி ஜேன் ஆஸ்பார்ன், ஃபிரீமன், ஹூனெக்கென்ஸ் ஆகியோர் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியை அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் தடுப்பதை நேரடியாகக் காட்டினர். ஆஸ்பார்ன் அப்போது ஆராய்ச்சி மாணவி.

நொதியின் வேலை இதுதான். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினைக் கட்டும் ஒவ்வொரு முறையும் ஃபோலேட் தன் ஹைட்ரஜனை இழந்து வெறுங்கையோடு நிற்கும். டி.எச்.எஃப்.ஆர். அதற்கு மீண்டும் ஹைட்ரஜனைக் கொடுத்து வேலைக்கு அனுப்பும். இந்த நொதி நின்றால் தைமின் நிற்கும்; தைமின் நின்றால் உயிரணு பிரிய முடியாது. வேகமாகப் பிரியும் அணுக்கள் முதலில் அடிபடும். புற்றணு மட்டுமல்ல, எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்படலமும் மயிர்க்கால்களும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. மருந்தின் பலனும் பக்கவிளைவும் ஒரே குழிவிலிருந்து புறப்படுகின்றன.

1961இல் வெர்க்ஹைசர் இன்னொரு விந்தையைக் காட்டினார். மருந்து நொதியை மிக இறுக்கமாகப் பற்றுவதால், மருந்தைத் துளித்துளியாகச் சேர்த்து, வேலை எப்போது நிற்கிறது என்று பார்த்தாலே கலவையில் எத்தனை நொதி மூலக்கூறுகள் இருந்தன என்று எண்ணிவிடலாம். அமிலத்தைக் காரத்தால் தரம் பார்ப்பது போல ஒரு புரதத்தை மருந்தால் தரம் பார்த்தார் அவர். பெரும்பாலான நல்ல மருந்துகளின் பிணைப்பு நானோமோலார் அளவில் இருக்கும். இங்கே, நொதியின் துணைப்பொருளான என்.ஏ.டி.பி.எச். உடன் இருக்கும்போது, பிணைப்பு பிகோமோலார் அளவுக்கு இறங்குகிறது. அதாவது ஆயிரம் மடங்கு இறுக்கம்.

இந்த இறுக்கம் எங்கிருந்து வருகிறது? வெறும் சாயல் என்றால் ஃபோலிக் அமிலத்துக்கும் அதே இறுக்கம் இருக்க வேண்டும். இல்லை. போலி, அசலைவிடப் பல்லாயிரம் மடங்கு உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பூட்டைத் திறந்து பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

கிண்டியில் வரைந்த வரைபடம்

பூட்டைத் திறந்து பார்ப்பது என்றால் புரதத்தின் ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று எக்ஸ் கதிர்ப் படிகவியலால் கண்டறிவது. அந்தத் துறையில் சென்னைப் பல்கலைக்கழகம் உலக அளவில் பெயர் பெற்றிருந்த காலம் அது. கோ. நா. இராமச்சந்திரன் 1952இல், முப்பது வயதில், அங்கே இயற்பியல் பேராசிரியரானார். அண்டையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே கிடைத்த கொலாஜனைக் கொண்டு, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அதன் முப்புரிச் சுருள் வடிவத்தை 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார்.

அந்த வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றையொன்று மிக நெருங்கி நிற்கின்றன என்று வெளிநாட்டிலிருந்து கண்டனம் எழுந்தது. எவ்வளவு நெருக்கம்தான் கூடாது? அறியப்பட்ட படிகங்களையெல்லாம் அலசி, அணுக்கள் எந்தத் தொலைவு வரை நெருங்கலாம் என்று பட்டியலிட்டனர். பிறகு, புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் உள்ள இரண்டு சுழற்சிக் கோணங்களில் எந்தச் சேர்க்கைகளில் அணுக்கள் மோதாமல் இருக்கும் என்று கைக் கணிப்பொறிகளை வைத்துக் கணக்கிட்டனர். 1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட அந்தப் படம்தான் இராமச்சந்திரன் வரைபடம். தாளின் பெரும்பகுதி தடை செய்யப்பட்ட நிலம். சில தீவுகளில் மட்டுமே புரதம் குடியிருக்க முடியும். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே புரத அமைப்புகள் தெரிந்திருந்த நாளில், இனிமேல் வரப்போகும் எல்லாப் புரதங்களுக்கும் எல்லை வகுத்த வேலை இது. இன்றும் ஒரு புரத அமைப்பை வெளியிடுவோர் முதலில் இந்த வரைபடத்தில் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தாக வேண்டும்.

மருந்தின் பக்கம் நிற்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். குழிவு என்பது புரதத்தில் தானாக இருக்கும் ஓட்டை அல்ல. சங்கிலி, தனக்கு அனுமதிக்கப்பட்ட கோணங்களில் மடிந்து மடிந்து, தொலைவில் இருந்த அமினோ அமிலங்களை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும்போது உருவாகும் இடம் அது.

1977: புரண்டிருந்த வளையம்

கலிஃபோர்னியாவில் ஜோசப் கிரவுட்டின் ஆய்வகத்தில் டேவிட் மேத்யூஸும் உடன் பணியாற்றியோரும், ஈ. கோலை பாக்டீரியாவின் டி.எச்.எஃப்.ஆர். மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றியிருந்த நிலையில் அதைப் படிகமாக்கி, 1977இல் அமைப்பை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு வேறொரு பாக்டீரியாவின் நொதி, துணைப்பொருளும் சேர்ந்த நிலையில் வந்தது.

நொதியில் ஓர் ஆழமான பிளவு. மருந்தின் டெரிடின் வளையம் அதன் அடிவரை இறங்கியிருந்தது. அங்கே ஆஸ்பார்ட்டிக் அமிலம் 27 என்ற எதிர்மின் கொண்ட அமினோ அமிலம் ஒன்று காத்திருந்தது. மருந்தின் நடுவளையம் எண்ணெய்ப்பசை போன்ற, நீரை விரும்பாத சுவர்களுக்கிடையே செருகியிருந்தது. வாயிலருகே, குளூட்டாமிக் அமிலத்தின் எதிர்மின்னை ஆர்ஜினின் ஒன்று பிடித்திருந்தது. அடியில் ஒரு பிடி, நடுவில் ஒரு நெருக்கம், வாயிலில் ஒரு பிடி. பிளவுக்குள் அடைந்து கிடந்த நீர் மூலக்கூறுகள் வெளியே தள்ளப்பட்டதும் இறுக்கத்துக்கு உதவியது.

ஃபோலேட் அதே இடத்தில் எப்படி அமரும் என்று ஆராய்ந்தபோதுதான் புதிர் வந்தது. நொதி, ஃபோலேட் வளையத்தின் இரண்டு முகங்களில் ஒரு குறிப்பிட்ட முகத்தில் மட்டுமே ஹைட்ரஜனைச் சேர்க்கும். எந்த முகம் என்பதை வேதியியலர்கள் 1979இல் உறுதி செய்தனர். மெத்தோட்ரெக்சேட் அமர்ந்திருப்பது போலவே ஃபோலேட்டும் அமர்ந்தால், ஹைட்ரஜன் தவறான முகத்தில் சேர வேண்டும். ஆகவே ஃபோலேட் அப்படி அமர முடியாது. மருந்தின் வளையம் அசலோடு ஒப்பிட 180 பாகை புரண்டு கிடக்கிறது. பின்னாளில் ஃபோலேட்டுடனேயே மனித நொதியைப் படிகமாக்கிப் பார்த்தபோதும் இதுவே உறுதியானது.

காரணம் அந்த ஒரு அமினோ தொகுதி. நான்காம் இடத்தில் ஆக்சிஜன் போய் அமினோ வந்ததும் வளையத்தின் மின்பங்கீடு மாறி, முதலாம் இடத்து நைட்ரஜன் புரோட்டானை விரும்பி ஏற்கும் நிலைக்கு வந்தது. தனியே நீரில் இருக்கும்போது பிஎச் 7இல் அதில் பெரும்பாலும் புரோட்டான் இராது. ஆஸ்பார்ட்டிக் அமிலத்தின் பக்கத்தில் போனதும் புரோட்டானை ஏற்று நேர்மின் பெறுகிறது. இரண்டும் உப்புப் பாலம்போல் பிணைந்துகொள்கின்றன. அந்த நைட்ரஜன் ஆஸ்பார்ட்டிக் அமிலத்தை நோக்கித் திரும்ப வேண்டுமானால் வளையம் புரண்டே ஆக வேண்டும். புரண்டதால் அமினோ தொகுதியும் குழிவின் சுவரிலுள்ள ஆக்சிஜன்களோடு ஹைட்ரஜன் பிணைப்புகளை அமைத்துக்கொண்டது. அதன்பின் நொதியும் தன் வடிவத்தைச் சற்றே சரிசெய்துகொண்டு பிடியை இறுக்குகிறது. டேனியல் கோஷ்லேண்டு 1958இல் சொன்ன ‘பொருந்தும்போதே உருமாறும் பூட்டு’ என்ற கருத்துக்கு இது நல்ல சான்று.

லெடர்லி வேதியியலர்கள் 1947இல் அசலின் போலியைச் செய்ததாகவே எண்ணியிருந்தார்கள். உண்மையில் அதே பூட்டில் வேறு விதமாகப் பொருந்தும் இன்னொரு சாவியைச் செய்திருந்தார்கள்.

ஒரே பூட்டின் வேறுபாடுகள்

பாக்டீரியாவிலும் மலேரியா ஒட்டுண்ணியிலும் மனிதனிலும் இந்த நொதி உண்டு. ஆனால் குழிவுகள் ஒன்றுக்கொன்று சற்று வேறு. ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் பணியாற்றிய பரோஸ் வெல்கம் ஆய்வகத்தில் உருவான டிரைமெத்தோபிரிம், பாக்டீரியாவின் நொதியை மனித நொதியைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவாகப் பற்றும். செப்ட்ரான் மாத்திரையில் சல்ஃபாவோடு சேர்ந்திருப்பது இதுதான். அங்கேயே உருவான பைரிமெத்தமின் மலேரியா ஒட்டுண்ணியின் நொதிக்கானது. இருவருக்கும் 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹிச்சிங்ஸ் ஹார்வர்டில் அதே ஃபிஸ்கேயின் ஆய்வகத்தில் மாணவராக இருந்தவர். சுப்பாராவின் கண்டுபிடிப்புகளில் சில அங்கே வெளிவராமல் முடங்கியதாக அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார்.

பூட்டுகளும் சும்மா இருப்பதில்லை. மலேரியா ஒட்டுண்ணி தன் நொதியின் 108ஆம் இடத்து அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டு பைரிமெத்தமினின் பிடியைத் தளர்த்தியது. புற்றணுக்கள் வேறொரு தந்திரம் செய்தன. 1978இல் ராபர்ட் ஷிம்கேயின் குழு காட்டியபடி, மெத்தோட்ரெக்சேட்டைத் தாங்கிப் பிழைத்த அணுக்கள் டி.எச்.எஃப்.ஆர். மரபணுவைப் பல பிரதிகளாகப் பெருக்கிவைத்திருந்தன. சாவி எல்லாப் பூட்டையும் அடைத்துவிடும் என்றால் பூட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுவது! இதனால்தான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்று பல மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். வளர்ந்த நாடுகளில் அந்நோய் கண்ட குழந்தைகளில் பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் மிகக் குறைந்த அளவில், வாரம் ஒரு நாள் மட்டும் தரப்படுகிறது. தவறி நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பக்கவிளைவைக் குறைக்க மற்ற நாட்களில் ஃபோலிக் அமில மாத்திரையும் சேர்த்துத் தருவது வழக்கம். ஒரே நோயாளியின் சீட்டில் அசலும் எதிரியும். இந்தச் சிறு அளவில் மருந்தின் பலன், டி.எச்.எஃப்.ஆர். தவிர அடினோசின் தொடர்பான வேறொரு நொதி வழியாகவும் கிடைக்கிறது என்று கருதப்படுகிறது. ஒரு மருந்துக்கு ஒரு புரதம் என்ற கணக்கு இங்கும் முழுமையாகச் செல்லாது.

கணினியில் பொருத்திப் பார்த்தல்

1982இல் இர்வின் குன்ட்ஸின் குழு, சிறு மூலக்கூறைப் புரதக் குழிவில் கணினியால் பொருத்திப் பார்க்கும் முதல் நிரலை வெளியிட்டது. டாக்கிங் எனப்படும் இந்த முறை இன்று நம் கல்லூரிகளிலும் பரவலாகிவிட்டது. உயிர்தகவலியல் படிக்கும் முதுகலை மாணவர் ஒருவர் நிலவேம்பிலோ துளசியிலோ உள்ள சேர்மங்களை ஏதேனும் ஒரு புரதத்தில் பொருத்தி, ஒரு வாரத்தில் ஓர் ஆய்வேட்டை எழுதிவிட முடிகிறது. மைனஸ் 8, மைனஸ் 9 என்று கிலோகலோரி மதிப்பு வந்தால் மருந்து கிடைத்துவிட்டது போன்ற எழுத்துகளும் வருகின்றன.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்பது நல்லது. அறை வெப்பத்தில் பிணைப்பு பத்து மடங்கு கூட ஏறத்தாழ 1.4 கிலோகலோரி போதும். நிரலின் மதிப்பில் 2 கிலோகலோரி பிழை இருந்தால், பிணைப்பின் வலிமையில் 30 மடங்கு வரை தவறிவிடும். பட்டியலில் முதலிடமும் பத்தாமிடமும் இடம் மாறிக்கொள்ள அது தாராளமாகப் போதும். சேர்மம் குடலைத் தாண்டுமா, கல்லீரலில் பிழைக்குமா, உயிரணுவுக்குள் நுழையுமா என்ற கேள்விகளை நிரல் தொடுவதே இல்லை. வில்ஸ் தன் ஈஸ்ட் சாற்றை முதலில் நோயாளியிடம் கண்டார். மூலக்கூறு பின்னால் வந்தது. இன்று வரிசை தலைகீழாகிவிட்டது. அது தவறல்ல, ஆனால் பாதி வழியில் நிற்கிறோம் என்ற நினைவு வேண்டும்.

கிரவுட்டின் ஆய்வகம் பின்னர் மேலும் துல்லியமாக்கிய அந்த ஈ. கோலை அமைப்பு, புரதத் தரவு வங்கியில் 4டிஎஃப்ஆர் என்ற எண்ணில் இருக்கிறது. யாரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். புதிய டாக்கிங் நிரல்களைச் சோதிக்க நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் அமைப்புகளில் அதுவும் ஒன்று. முயன்று பார்க்க விரும்பும் மாணவர்கள் மெத்தோட்ரெக்சேட்டை வெளியே எடுத்துவிட்டு, மறுபடி பொருத்தச் சொல்லிப் பார்க்கலாம். ஒருமுறை முதலாம் நைட்ரஜனில் புரோட்டான் வைத்தும், ஒருமுறை வைக்காமலும் செய்து, வளையம் எந்தப் பக்கம் திரும்புகிறது, மதிப்பு எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் புரோட்டானை வைப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் நிரலை இயக்குபவர் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு.